ஷெத்லியைத் திட்டாமல் விட்டோம்

துனிஸில், பாப் ஜ்தீத் பக்கம் யாரிடமாவது வழி கேட்டால், இப்போது இல்லாத கடைகளை வைத்துத்தான் சொல்வார்கள். மீன் பொரிக்கிற ஜெர்பாத் தீவுக்காரர் இருந்தாரே, அந்தத் திருப்பத்தில் இடது பக்கம். முட்டையை மாவுத்தாளில் மடித்துப் பொரிக்கிற ஸுவாத் அம்மா கடைக்கு எதிர்ச் சந்து. எல்லாம் மூடிப் பல வருஷம் ஆகிறது. கேட்பவனுக்கு ஒன்றும் புரியாது. சொல்கிறவர் முகத்தில் மட்டும் ஒரு நொடி பசி வந்து போகும்.

என்னிடம் கேட்டால் ஷெத்லி கடையை மட்டும் அடையாளமாகச் சொல்லமாட்டேன். மருந்துக்கடை, தபால்பெட்டி என்று வேறு ஏதாவது தேடுவேன்.

ஷெத்லியிடம் கிடைத்தது ஒரே சாப்பாடுதான், லப்லபி. காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பார், பத்து மணிக்குப் பானை காலியாகிவிடும். உள்ளே நுழைந்ததும் மண் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கூடையில் இருக்கும் நேற்றைய ரொட்டியை நாமே பிய்த்துப் போட வேண்டும். கிண்ணத்தை மேடையில் வைத்தால் கொதிக்கிற கொண்டைக்கடலையையும் அதன் சாற்றையும் அள்ளி ஊற்றுவார். உப்பு, இடித்த சீரகம், பூண்டு, ஹரிஸ்ஸா என்கிற மிளகாய் விழுது, எலுமிச்சை, அரைவேக்காட்டு முட்டை, மேலே ஆலிவ் எண்ணெய். வாங்கிக் கலக்கி ஒரு வாய் தின்றதும் எல்லோரும் கிண்ணத்தோடு மறுபடி மேடைக்குப் போவார்கள். போய் அவரைத் திட்ட வேண்டும். அந்தக் கடையின் வழக்கம் அது.

"சீரகத்தை என்ன, மக்காவிலேருந்து நடந்தே கொண்டுவந்தீங்களா சித்தப்பா? போட இப்படிக் கை கூசுது."

இது லஸாத். மஞ்சள் டாக்ஸி ஓட்டுகிறவர்.

"வண்டி ஓட்டி ஓட்டி உனக்குப் பின்பக்கம்தான் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். நாக்குமா? இந்தா, கொட்டிக்க."

கொட்டிக்கொண்டு திரும்புவார். பின்னால் இன்னொருவர் காத்திருப்பார், உப்புக்காக அல்லது ஷெத்லியின் தாத்தாவைப் பற்றி ஏதாவது சொல்வதற்காக.

நான் முதல் நாலு மாதம் அப்படிப் போகவே இல்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டு, காசை வைத்துவிட்டு வந்துவிடுவேன். புதுச்சேரியில் தமிழ், பிரெஞ்சு என்று இரண்டு மொழியில் படித்தவன். இரண்டிலும் மறுத்துப் பேச வராது. துனிஸில் வருஷா வருஷம் குடியிருப்பு அட்டைக்காக வரிசையில் நிற்கும்போது, பின்னால் நிற்பவர் இருமினால்கூட நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் மௌனம் ஷெத்லியை அரித்திருக்கிறது. லஸாதிடம் கேட்டாராம், "அந்த இந்தியனுக்கு என்மேல என்ன கோபம்? ஒரு வார்த்தை திட்டமாட்டேங்கிறான்."

லஸாத்தான் மறுநாள் என்னை முதுகில் தள்ளி மேடைக்கு அனுப்பினார். கொஞ்சம் எலுமிச்சை வேண்டும் என்றேன்.

"வாய் இருக்கு, பாத்தீங்களா" என்றார் ஷெத்லி, கடை முழுக்கக் கேட்கும்படி. "மிளகாய் விளையுற நாட்டுலேருந்து வந்துட்டு எலுமிச்சை கேக்குறான். டேய், காரம் கேளுடா."

அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் நான் அவருக்கு டேய்தான்.

ஷெத்லி மக்தர் மலைப்பக்கத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் துனிஸ் வந்து ஒரு ரொட்டி சுடும் கடையில் மாவு பிசைந்தார். விற்காமல் காய்ந்துபோகும் ரொட்டியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் லப்லபி போட ஆரம்பித்ததாகச் சொல்வார். மூன்று மீட்டர் அகலம் அந்தக் கடை. முப்பத்தோரு வருஷம் அதற்குள்ளேயே நின்றார். மனைவி பெய்யா வீட்டு மாடியில் மிளகாய்ச் சரம் காயப்போட்டு வருஷத்துக்குத் தேவையான ஹரிஸ்ஸாவை அரைத்துத் தருவார். இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். ஷெத்லி தன் பானையிலிருந்து ஒரு கரண்டிகூடத் தின்று நான் பார்த்ததில்லை. மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஆவியை இழுப்பார். பிறகு ஒரு சிட்டிகை உப்பு, அல்லது இன்னும் ஒரு பூண்டு. மூக்காலேயே உப்புப் பார்க்கிற மனிதர்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் கடை சாத்தியிருந்தது. திறந்த அன்று நாங்கள் எல்லோரும் போய் நின்றோம். சட்டைக்குள் ஆள் தொலைந்துபோனது போல இருந்தார். கிண்ணங்களை நிரப்பித் தந்தார். முதல் வாயிலேயே தெரிந்தது, கடலை அடிப்பிடித்திருந்தது. சாறு முழுக்கக் கருகல்.

லஸாத் கிண்ணத்தோடு எழுந்து மேடை வரை போனார். ஷெத்லி நிமிர்ந்து பார்த்தார். லஸாத் அந்த முகத்தைப் பார்த்தார்.

"கைக்குச் சுகம் சித்தப்பா" என்று, நல்ல சாப்பாட்டுக்குச் சொல்கிற பாராட்டைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் எங்களைச் சுவரோரம் நிறுத்தினார். "எவனும் வாயைத் திறக்கக் கூடாது. சாவைப் பாத்துட்டு வந்திருக்காரு. பெய்யா சித்தி எங்க வீட்டுல சொன்னாங்களாம், காய்ச்சல்ல மூக்கு செத்துப்போச்சாம். காபி எது, மண்ணெண்ணெய் எதுன்னு தெரியலையாம். கொஞ்ச நாள் பொறுப்போம். தானா வரும்."

எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பேசாமல் இருப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூக்கு வரவில்லை. ஒருநாள் உப்புக் கரித்தது, மறுநாள் பூண்டு மட்டும் தெரிந்தது. சீரகம் வறுபட்டுக் கரியாகியிருந்தது. நாங்கள் எலுமிச்சையைப் பிழிந்து விழுங்கினோம். மேடைப் பக்கம் யாரும் திரும்பிப் போகவில்லை. ஷெத்லி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருப்பார், யாராவது வருவார்கள் என்பதுபோல.

ஒரு காலை என்னை விரலால் கூப்பிட்டார். நான் வேலை பார்ப்பது ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில், கடிதங்களை மொழிபெயர்ப்பேன். ஆனாலும் அத்தனை வருஷத்தில் நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் எது என்று மூக்குக்குப் பழகியிருந்தது. ஷெத்லி புது டின்னைத் திறந்து ஒரு கரண்டியில் ஊற்றி நீட்டினார்.

"நீ எண்ணெய்க் கம்பெனிக்காரன். எப்படி இருக்கு, சொல்லு."

கரண்டி மூக்குக்கு வரும் முன்பே வாடை வந்துவிட்டது. வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தது போல. கடையில் ஏழெட்டுப் பேர் தின்றுகொண்டிருந்தார்கள். லஸாத் என்னையே பார்த்தார்.

"நல்லா இருக்கு சித்தப்பா."

"நல்லாவா?"

"நல்லா."

தலையை ஆட்டிவிட்டு டின்னைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். ஐந்து வாரம் அந்த எண்ணெயை ஊற்றினார்.

சுமை தூக்குகிறவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சொல்லாமல் கொள்ளாமல் சந்தைக் கோடியில் இருந்த வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம். மிஞ்சியது பதினோரு பேர். அவர்மேல் பிரியம் உள்ளவர்கள் என்று எங்களைப் பற்றி நாங்களே நினைத்துக்கொண்டோம். பானை பாதியோடு நின்றது. பத்து மணிக்கு மேலும் ஷெத்லி கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருப்பார்.

பிப்ரவரியில் ஒரு மழைநாள். பதினோரு பேரும் வந்திருந்தோம். ரொட்டி பிய்த்தோம், அவர் ஊற்றினார், தின்றோம். அன்று ருசியே இல்லை. உப்பு போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, நான் கிண்ணத்தை ரொட்டித் துண்டால் வழித்துத் தின்றேன், திருப்தியாகச் சாப்பிட்டவன் மாதிரி.

ஷெத்லி மேடையைச் சுற்றி வெளியே வந்து ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து உள்ளே பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"தேன் மாதிரி. கைக்குச் சுகம்" என்றார் லஸாத்.

"உனக்கு?"

நான் தலையை ஆட்டினேன்.

மேடைக்குள் போய் உப்பு ஜாடியை எடுத்து வைத்தார். பக்கத்தில் சீரக உரலைக் கவிழ்த்தார். கழுவிக் காய்ந்து கிடந்தது.

"இன்னிக்கு உப்பு போடல. சீரகம் இடிக்கவே இல்ல. பூண்டு உரிக்கல. வெந்நீர்ல கடலை. அதைத் தேன்ங்கிறீங்க."

உரலை மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"மூக்கு போனது எனக்குத் தெரியாதா? பெய்யா கடையைச் சாத்துங்கன்னு அழுதா. நான்தான் சொன்னேன், எனக்கு ஒரு மூக்கு போனா என்ன, அங்க அத்தனை மூக்கு வருதேன்னு. உப்பு ஏறினா லஸாத் எங்க தாத்தா வரைக்கும் இழுப்பான், குறைச்சுக்கலாம். காரம் பத்தலைன்னா இந்தியன் மூஞ்சியத் தூக்குவான், கூட்டிக்கலாம். உங்க வாயை நம்பித்தான் கதவைத் திறந்தேன்."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார் லஸாத்.

"என் மனசை யாருடா கேட்டா? நான் கேட்டது உப்பு."

பிறகு எண்ணெய் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது என் காலணியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்று காசு வாங்கவில்லை. பதினோரு கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரும்புக் கதவை இழுத்தார். ரமழான் வரும் முன் கடை கைமாறியது. இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். மேடை இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி.

ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் சொல்ல வேண்டியதை இரண்டு மொழியிலும் எழுதிப் பார்த்தேன், அவர் மொழி அந்த இரண்டும் இல்லை என்றாலும். பெய்யா கதவைத் திறந்தார். ஷெத்லி கம்பளிச் சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க. ஊர்ல அம்மா சௌக்கியமா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் எனக்காக எழுந்து நின்றதில்லை. பெய்யா தட்டில், தங்கக் கோடு போட்ட கோப்பையில், காபி கொண்டுவந்து வைத்தார்.

"சித்தப்பா, அந்த எண்ணெய் கெட்டுப்போயிருந்துச்சு. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"ஆமா. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெய்யா மூடியைத் திறந்ததுமே முகத்தைச் சுளிச்சா." குரலில் ஒன்றுமே இல்லை. "அதுக்கென்ன, விடுங்க. காபி ஆறிடும்."

குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபி கசக்குது சித்தப்பா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. டேய் என்பாரா, கசப்புத் தெரிகிற நாக்கு அப்போது எங்கே போயிற்று என்று கேட்பாரா, எதையாவது எறிவாரா என்று காத்திருந்தேன்.

"அப்படியா, மன்னிக்கணும்" என்று சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "வேணுங்கிற அளவு போட்டுக்குங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வாங்க என்றார். வராதவர்களிடம் சொல்கிற மாதிரி.

கீழே லஸாத் டாக்ஸியில் காத்திருந்தார். கதவைத் திறப்பதற்குள் கேட்டார், "திட்டினாரா?"

"இல்ல. காபி குடுத்தாரு."

லஸாத் சாவியைத் திருகினார்.

"போன வாரம் நான் போனப்ப," என்றார், "காபியோட கேக்கும் குடுத்தாரு."