சொல்லித் தருபவர் நிற்க வேண்டும்

சிறுசேரி அலுவலகத்தில் மாதக் கணக்கை முடிக்கும் மும்முரத்தில் இருந்தேன். கைப்பேசி அடித்தது. மாமல்லபுரத்திலிருந்து கோமளா அக்காவின் மகன்.

"அம்மா பூட்டாங்க ஆன்ட்டி. காலைல காபி குடிச்சிகினு இருந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க..."

போட்டது போட்டபடி கிளம்பினேன். பஸ் கேளம்பாக்கம் தாண்டியதும் திருப்போரூர் தாண்டியதும் தெரியவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருமதி கோமளவல்லி மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு அவருக்கு மறுபடி படிப்பு ஆசை வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், பொருளியலும் வணிகவியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். வகுப்பு சனி, ஞாயிறுகளில் மட்டும். நானும் அதே வகுப்பு. அப்போது செங்கல்பட்டில் புது மருமகள். "கல்யாணமான பொண்ணுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?" என்று மாமியார் வாராவாரம் கேட்பார். சண்டை பிடித்துத்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

மாலையில் பார்க் நிலையத்தில் செங்கல்பட்டு மின்ரயிலில் ஏறும்போது பெண்கள் பெட்டி நிரம்பி வழியும். அக்கா செங்கல்பட்டில் இறங்கி மாமல்லபுரத்துக்குப் பஸ் பிடிப்பார். கிடைத்தால் ஒரே ஓர் இடம் கிடைக்கும். "நீங்க உட்காருங்க", "நீ உக்காரு" என்று முதல் வாரங்களில் எங்களுக்குள் பெரிய தகராறு. அக்காதான் அதற்கு ஒரு சட்டம் போட்டார்.

"சொல்லிக் குடுக்கறவங்க நிக்கணும். கேக்கறவங்க உக்காரணும். வாத்தியாரு இன்னா உக்காந்துகினா பாடம் நடத்துறாரு?"

தாம்பரம் வரை அக்கா நின்றபடி பொருளியல் சொல்வார். அதன்பின் நான் எழுந்து கணக்கியல். அக்கா சொன்ன பொருளியலைப் போல எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. "டிசம்பர்ல வெள்ளக்காரன் வர்றான். எளநி வெலய ஏத்துறோம். குடிக்காமப் போறானா? மே மாசத்துல நம்மூரு ஜனங்க கிட்ட அதே வெலய சொல்லிப் பாரு, பானையத் தேடிப் பூடும். அவ்ளோதான் தேவை நெகிழ்ச்சி." பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ பரீட்சை வரை மறக்காது.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நான் கருவுற்றேன். எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில் சொன்னால் ரயில் பயணம் நிற்கும், அதோடு படிப்பும் போகும். பரீட்சை முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டோம். அக்காவிடமும் சொல்லவில்லை.

அந்த வாரங்களில்தான் அக்கா திடீரென்று, "இனிமே கணக்கும் நானே சொல்றேன். வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு ஏறுது. நீ உக்காந்துகினு திருத்து" என்றார். சொன்னதெல்லாம் தப்பு. தேய்மானத்தைக் கொண்டுபோய் வரவில் போடுவார். "அய்யோ அக்கா, தேய்மானம் செலவு!" என்று தலையில் அடித்துக்கொள்வேன். அடுத்த வாரம் மறுபடி வரவில் போடுவார். பெட்டியில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, "இன்னிக்காவது அத்த செலவுல போட்டாங்களா?" என்று கேட்டார். செங்கல்பட்டு வரும்வரை அக்கா நின்றபடி தப்பு செய்வார், நான் உட்கார்ந்தபடி திருத்துவேன். இவர் எங்கே தேறப்போகிறார் என்று உள்ளுக்குள் கவலைப்பட்டேன்.

பரீட்சை எழுதினோம். முடிவும் வந்தது. நான் தேறிவிட்டேன். கணக்கியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் கோமளவல்லி!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "என்னை முட்டாளாக்கினீங்களா அக்கா?"

அக்கா அப்போது நன்றாகத் தெரிந்த என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டல்ல கணக்கு முடிக்கிறது யாருன்னு நெனச்சே? நாந்தான். பார்க் ஸ்டேஷன்ல நீ வாயப் பொத்திக்கினு ஓடினியே, அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. கேட்டிருந்தா நீ பயந்துகினு வகுப்புக்கே வராம நின்னிருப்பே. உக்காருன்னா உக்கார்ற ஆளா நீ? வேற இன்னா பண்ணச் சொல்ற?"

நான் அழுதுவிட்டேன். "சீ, வாயும் வயிறுமா இருந்துகினு அழுவாத" என்று அதட்டிவிட்டு, உள்ளே போய் என் மாமியாரிடம் காபி கேட்டார்.

அந்தப் பட்டயத்தைக் காட்டித்தான் முதல் வேலை கிடைத்தது. இன்று சிறுசேரியில் கணக்குப் பிரிவை நான் நடத்துகிறேன் என்றால், அதற்கு என் உழைப்பு மட்டும் காரணமில்லை. ஓட்டலில் வாரமெல்லாம் உழைத்து, வகுப்பிலும் நாளெல்லாம் இருந்து, பின் எனக்காக நின்றுகொண்டே வந்த இரண்டு கால்களும் காரணம். இதை அவர் இருக்கும்போதே பலமுறை சொன்னேன். "போதும் நிறுத்து, காது வலிக்குது" என்பார்.

போன ஞாயிறு, பழைய வகுப்புத் தோழிகள் சென்னையில் கூடி அக்காவை நினைத்துக்கொண்டோம். என் மகளும் வந்திருந்தாள். திரும்பும்போது பார்க் நிலையத்தில் அதே கூட்டம், ஒரே ஓர் இடம். மகளை உட்கார வைத்துவிட்டு நின்றபடி இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். "அப்ப நானும்தான் உட்கார்ந்து வந்தேனா?" என்று கேட்டாள். "உன்னையும் சேர்த்துத்தான் உட்கார வைத்தார்" என்றேன்.

கூடுவாஞ்சேரியில் அவள் பக்கத்து இடம் காலியானது. "உக்காரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் உட்காரவில்லை. போய் வாருங்கள் அக்கா. உங்களைப் பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.