வேலிக்கு மேலால் வந்த குளிசை

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டில் நோவுக்குக் குளிசை வைத்திருப்பதில்லை. தேவையென்றால் பக்கத்து வளவு அக்காவைக் கூப்பிட்டால் போதும். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். கிளினிக்கில் தரும் குளிசைகளை மிச்சம்பிடித்து, பிஸ்கட் டின்னில் போட்டு, ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் கொடுப்பார்.

அன்று காலை வயலில் வரம்பு கட்டிவிட்டு வந்த அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்து அரித்தது. பிறகு நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் சாய்ந்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் இசிஜி தாளைப் பார்த்தார். "மாரடைப்பு மாதிரித்தான் காட்டுது. ஆனா ஏன் இந்தத் தடிப்பு? ஐயா, ஏதும் குளிசை குடிச்சனீங்களோ?"

"ஒண்டும் குடிக்கேல்லை," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

தாதி அஸ்பிரின் எடுக்கப் போனார்.

கட்டடங்களின் மின்சார இணைப்புகளைப் பரிசோதிப்பது என் தொழில். கோளாறைத் தேடும்போது ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவேன். சாப்பாடு: நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட அதே புட்டு. பூச்சி: கடித்த அடையாளம் இல்லை. மிஞ்சியது வேலி: அதற்கு மேலால் வரும் அக்காவின் குளிசை. அக்காவைக் காட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஒண்ணு குடுத்தேன் தங்கச்சி. இடுப்பு நோவுன்னு கேட்டாரு. ஐயோ, நான்தான் கொன்னுட்டேனா?"

"அப்பா கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறார் அக்கா. அழாமல் குளிசை மட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

படம் வந்ததும் டொக்டர் தாதியை மறித்தார்.

"அஸ்பிரின் வேண்டாம். அதுவும் இந்தக் குளிசையின்ர குடும்பம்தான். ஒவ்வாமையிலதான் இருதயத்துக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கியிருக்கு. முதல்ல ஒவ்வாமையைப் பார்ப்பம்."

ஊசி போட்டார்கள். தடிப்புகள் மெல்ல வற்றின. அடுத்த இசிஜியில் கோடுகள் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தன. அப்பா கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "அந்தப் பிள்ளையை ஏசிப்போடாதை."

வீடு திரும்பிய பிறகு அக்கா வேலிப்பக்கமே வரவில்லை. கடைசியில் அப்பாதான் போய்க் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, டின் கிடக்கோ?"

"தூக்கிப் போட்டாச்சு ஐயா. இனிமே உங்களுக்கு மல்லித்தண்ணிதான்."

"அதுக்கும் தடிச்சா?"

"அப்ப பச்சத்தண்ணி!"

அப்பா சிரித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அவருக்கு ஒவ்வாத மருந்துகளின் பெயரை ஆஸ்பத்திரியில் அதில் எழுதித் தந்திருந்தார்கள். வேலிக்கு மேலால் அதை அக்காவிடம் நீட்டினார்.

"இதையும் ஒரு படம் எடுத்து வை. மகள் வேலையில நிண்டால், என்னை ஓட்டோவில ஏத்திறது நீதானே."