சாலோ வீட்டுப் பெட்டியும் ஒரு லிங்காட் மீனும்

சொயிந்துலா என்ற தீவு ஊரில் முடி வெட்டிக்கொள்ள ஐலா ஹல்மேயின் வீட்டு முன்னறைக்குத்தான் வர வேண்டும். வேண்டாமென்றால் கப்பலேறி அக்கரைக்குப் போக வேண்டும். அதனால் தீவில் பாதிப் பேரின் கதை அந்த ஒற்றை நாற்காலி வழியாகவே அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. பதிலுக்கு அவளும் தன் கதையைச் சொல்லிப் பார்த்தாள். அவள் கணவன் லெஸ், கடல் முள்ளெலி பொறுக்க முக்குளிப்பவன். நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கும் முக்குளிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். மேலே ஈயம் போலக் கிடக்கிற அதே கடலின் அடியில் பாறைச்சுவர் முழுக்கச் சிவப்புப் பவளம் பூத்திருப்பதையும், இடுப்புயரக் கடற்பூக்கள் நிற்பதையும் அவள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு விவரிப்பாள்.

"அப்படியா? காது பக்கம் இன்னும் கொஞ்சம் குறைச்சு விடு" என்பார்கள்.

அந்த எரிச்சலில்தான் அவள் கேமரா வாங்கினாள்.

முக்குளிக்கிறவர்களுக்கு அங்கே குளிர்காலம்தான் நல்ல காலம். கோடையில் தண்ணீர் பச்சைக் கஞ்சியாகக் கலங்கிக் கிடக்கும். தை மாசி மாதங்களில் தெளிந்துவிடும். ஆனால் குளிர், தண்ணீர் புகாத உடுப்பையும் மீறி, விரல்களில்தான் முதலில் ஏறும். பிறகு உதடு மரத்து, காற்றுக்குழாயைக் கவ்வியிருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. ஐலா மூச்சைப் பாதி பிடித்துக்கொண்டு கேமராவை அசையாமல் நிறுத்துவாள். லெஸ் பக்கவாட்டிலிருந்து விளக்குப் பிடிப்பான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர் மன்றத்தில் அந்தப் படங்களைப் போடுவார்கள். ஏலக்காய் ரொட்டியும் காபியுமாக ஊரே வரும். தங்கள் வீட்டு வாசலில் இதெல்லாம் இருக்கிறதா என்று வாயைப் பிளக்கும்.

ஒரு வருஷம் பழைய படகுத்துறைக்கு வெளியே, கடலடி மணல் சரிவில், ஒரு பெரிய இரும்புப் பெட்டி சாய்ந்து கிடப்பதைக் கண்டார்கள். மூடி திறந்திருந்தது. உள்ளே தலையணை அளவுக்கு வெள்ளையாக ஒரு முட்டைக் குவியல். அதற்கு முன்னால் ஒரு ஆண் லிங்காட் மீன். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிகிற வரைக்கும் ஆண்தான் காவல். ஐலா கிட்டே போனதும் அது வந்து கேமராவின் கண்ணாடியிலேயே முட்டியது. அவள் சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. லெஸ் விளக்கைத் திருப்பினான். பெட்டியின் பக்கவாட்டில், பாசிக்கு நடுவே, சிவப்பு எழுத்தில் 'சாலோ' என்று இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாலோ வீட்டுப் பெட்டியைத் தெரியாதவர் தீவில் கிடையாது. படகு எஞ்சின் பழுது பார்த்த அப்பா இறந்ததும், அவருடைய கருவிப் பெட்டி யாருக்கு என்று மூத்தவன் ரெய்னோவுக்கும் இளையவன் எர்க்கிக்கும் சண்டை வந்தது. ஒருநாள் பெட்டியைக் காணோம். தம்பிதான் தூக்கிக்கொண்டு போனான் என்று ரெய்னோ சொன்னார், ஊரும் நம்பியது. எர்க்கி தீவின் மறுகோடிக்குக் குடிபோனார். அதிலிருந்து பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று சவுனா என்கிற நீராவி அறையில் உட்கார்ந்து உடம்புக்குள் சூடு ஏறிய பிறகுதான் லெஸ் வாயைத் திறந்தான்.

"எர்க்கி திருடியிருந்தா கடல்ல ஏன்டி போடப்போறான்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"படம் எடுக்க வேற மீனே கிடைக்கலையா உனக்கு?"

"நானா அதை அங்க குடிவெச்சேன்?" என்றாள் ஐலா, சுடுகல்லில் தண்ணீரை வீசிக்கொண்டே.

மறுவாரம் ரெய்னோ முடிவெட்ட வந்தார். வழக்கம்போல வானிலையைத் திட்டினார். எரிபொருள் விலையைத் திட்டினார். ஐலாவால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதித் தலை முடிந்ததும் கத்தரியை வைத்துவிட்டாள்.

"ரெய்னோ, உங்க அப்பாவோட பெட்டியை நான் பார்த்துட்டேன். பழைய துறைக்கு வெளிய."

போர்த்தியிருந்த துணிக்குள் அவர் கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்வது தெரிந்தது.

"யார்கிட்ட சொன்ன?"

"லெஸ்ஸும் நானும்தான் பார்த்தோம். வேற யாருக்கும் தெரியாது."

"அவன்கிட்ட போயிடக் கூடாதுன்னு நான்தான் கடல்ல தள்ளி விட்டேன்" என்றார் அவர். "மறுநாள் எல்லாரும் கேட்டாங்க. வாயில அவன் பேருதான் வந்துது." கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "என் படகுல பாரம் தூக்கற விஞ்ச் இருக்கு. லெஸ் போய்க் கொக்கியை மாட்டினாப் போதும். யாருக்கும் தெரியாம இந்த வாரமே எடுத்துடலாம்" என்றார்.

"முடியாது. உள்ள லிங்காட் முட்டை இருக்கு."

"லிங்காடா? ஏம்மா, வருஷம் பூரா அதைத்தானே வெட்டிப் பொரிச்சுத் திங்கறோம்!"

"குஞ்சு பொரியட்டும், அப்புறம் எடுங்க. பேர் தெரியாம நான் படம் எடுத்துக்கறேன். வாக்குத் தரேன்."

"உன் வாக்கை வெச்சு நான் என்ன பண்ண?" என்று எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடேயே வெளியே போய்விட்டார்.

ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறுபக்கம் காடாக விட்ட தலையோடு அவர் கூட்டுறவுக் கடையில் நின்றதைப் பார்த்துவிட்டு, "ஐலாவுக்கு நீ காசு குடுக்கலியா?" என்று ஊர் சிரித்தது. ஐலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது சரியா என்று தெரியவில்லை. சொல்லாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்திருந்தால் அதுவும் ஒருவகைத் திருட்டுதானே என்றும் பட்டது. மீன்கள் எதையும் மறைப்பதில்லை. ஆனால் கடலடியில் மனிதர்கள் போட்டு வைத்ததும் கிடக்கிறதே. விளக்கு இரண்டின் மேலும்தான் விழுகிறது.

அடுத்த முறை அவர்கள் படகை அவிழ்க்கும்போது துறையில் ரெய்னோ நின்றிருந்தார், தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு.

"நானும் வரேன். பார்க்க மட்டும்."

முக்குளித்து மேலே வந்ததும் ஐலா குளிரில் நடுங்கிக்கொண்டே கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினாள். பாறைமீன்கள் கூட்டமாக வந்து முட்டையைக் கொத்தப் பார்த்தன. லிங்காட் பாய்ந்து விரட்டியது. பின்னால் ஒரு பெரிய நட்சத்திர மீன் ஊர்ந்து வந்தது; லிங்காட் அதன் கையைக் கவ்வி இழுத்துத் தூரப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. லிங்காடின் மேலுதடு கிழிந்திருந்தது.

"இதுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் ரெய்னோ.

"பொரியற வரைக்கும் இதான் வேலை."

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை பார்க்கும்போது மீனையல்ல, பெட்டியின் மூடியைத்தான் பார்த்தார். "அந்தக் கீல் அப்பா வெச்சது" என்றார். அன்று மாலை வந்து மீதித் தலையையும் வெட்டிக்கொண்டு போனார்.

முட்டைகள் பொரிந்தன. ஐலா படத்தை இரண்டு விதமாக வெட்டி ஒட்டினாள், பேர் தெரிகிற மாதிரி ஒன்று, தெரியாத மாதிரி ஒன்று. மன்றத்து வாசலில் ரெய்னோவை நிறுத்தி, "எதைப் போடட்டும்?" என்று கேட்டாள்.

"தெரியறதையே போடு. நேத்து அவன் வீட்டுக்குப் போனேன்."

"என்ன சொன்னார்?"

"கதவைத் திறந்து, 'நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதாடா? அப்ப நீதானேன்னு அன்னைக்கே தெரியும்'னான்." "இத்தனை வருஷமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஐலா. நான்தான் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஏன்டா சொல்லலைன்னு கேட்டா, 'உன்னை எல்லாரும் காறித் துப்பறதைப் பார்க்க எனக்கென்ன ஆசையா'ங்கறான். உள்ள கூப்பிடலை. நானும் போகலை."

விளக்கை அணைத்தார்கள். கடைசி வரிசையில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது. திரையில் ஒளி மெல்ல நகர்ந்து, பாசிக்குள்ளிருந்து சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு முன்வரிசையில் ஒரு அம்மாள், "அடடே, அது இவங்க..." என்று ஆரம்பித்தாள்.

"பெட்டி கெடக்கட்டும், மீனைப் பாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எர்க்கியின் குரல்.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுததாகவெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. காபி வாங்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பெட்டியை எடுப்பதா வேண்டாமா என்று பேசத் தொடங்கி, ஐந்து நிமிஷத்தில் குரலை உயர்த்தினார்கள். எடுத்து இரண்டாகவா அறுக்க முடியும் என்று எர்க்கி கேட்டார். கடைசியில் அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று முடிவானது. பெட்டியைத் தள்ளியது யாரென்று ஊருக்கும் புரிந்துவிட்டது; சிலர் ரெய்னோவுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

முன்பு அக்கரைக்குப் போய்வந்த எர்க்கி இப்போது முடிவெட்ட ஐலாவிடம்தான் வருகிறார். அதிகம் பேச மாட்டார். "கீழ அவ்வளவு குளிருமா?" என்று ஒருநாள் கேட்டார். விரல் முதலில் போகும், அப்புறம் உதடு என்று ஐலா சொன்னாள். மேலே சொல்லச் சொல்லிக் கேட்டார். காது பக்கம் குறைக்கச் சொல்லவில்லை. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, சிவப்புப் பவளத்திலிருந்து ஆரம்பித்தாள்.