படிப்பாவது படிக்கட்டும்

உச்சந்தலையில் தண்ணீரைப் பீய்ச்சி, சீப்பால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அக்கா முதல் கேள்வியைக் கேட்பாள்: "என்ன படிக்கிற?" நாற்காலியில் இருப்பவன் கழுத்து வரை துணியில் கட்டுண்டு கிடப்பான், காதோரம் கத்திரி. அவன் ஏதோ ஒரு பாடத்தின் பெயரைச் சொல்வான். "அதை வெச்சு என்னப்பா பண்ணுவாங்க?" என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை தெரிந்த யாரையும் அவள் இன்னும் சந்திக்கவில்லை.

கடை, பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே. வருகிறவர்களில் பாதி மாணவர்கள், மீதி அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவள் அக்கா. நரைத்துப்போன துறைத்தலைவர்கூட, "அக்கா, காதுகிட்ட கொஞ்சம் பாத்து" என்பார். இத்தனை வருஷம் உட்கார்ந்து படிப்பதற்குள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு ஓரமாகக் கடை போட்டுவிடலாம் என்பது அவள் தினமும் செய்யும் உபதேசம். எல்லோரும் அதைக் கேட்டுவிட்டால் பின்வாசலில் யார் இருப்பார்கள், யார் தலையில் கத்திரி வைப்பது என்ற யோசனை அவளுக்கு வந்ததில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. தலையை ஆட்டக்கூட முடியாத நிலையில் கேட்கிற உபதேசத்தை எவன் வீட்டுக்குக் கொண்டுபோவான்?

ஆட்களை அவளுக்குப் பின்னந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். தெருவில் நேருக்கு நேர் வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பாள். ஆள் கடந்து போனதும், "அட, நம்ம கெமிஸ்ட்ரி சார்" என்பாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். டீயை வாங்கி வைத்து, ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று டீக்கடைக்காரரைத் திட்டுவாள்.

உபதேசத்தை ஒருத்தி மட்டும் கேட்டுத் தொலைத்தாள். இரண்டாம் ஆண்டு நடுவில் படிப்பை விட்டுவிட்டு, பையோடு வந்து வாசலில் நின்றாள். அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் எல்லாருக்கும்தான் சொல்றேன். நீ ஏன்டி கேட்ட?" ஆனாலும் அனுப்பிவிடவில்லை. கடையில் அவளுக்குப் பெயர் செகண்ட் இயர். முடி கூட்டினாள், துண்டு துவைத்தாள், பிறகு தெரிந்த பையன்களின் தலை ஒவ்வொன்றாக அவளிடம் போனது. அக்கா பார்த்துவிட்டு, "பரவால்ல" என்பாள். அதற்கு மேல் புகழ்ச்சி அந்தக் கடையில் கிடையாது.

போன வாரம் ஒரு மத்தியானம், கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாள். நுனி மட்டும் வெட்டினால் போதும் என்றாள். அக்கா தண்ணீர் பீய்ச்சி, சீப்பால் இழுத்து, வயதுக்கு ஏற்றபடி கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாள்: "பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?"

"ஒரே பொண்ணு. ரெண்டாவது வருஷம் வரைக்கும் படிச்சா. இப்ப உங்க கடையில முடி கூட்டறா."

கத்திரி ஒருமுறை மூடித் திறந்தது. இடது பக்கம் முடி இரண்டு விரற்கடை கூடுதலாகக் கீழே விழுந்தது. அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். துணிக்கு வெளியே கையை நீட்டி, புறங்கையில் பெட்டி சுட்ட தழும்பைக் காட்டினாள். தொழில் கேவலம் என்று சொல்ல வரவில்லையாம். தொழில் என்றால் என்னவென்று தெரிந்துதான் வந்திருக்கிறாளாம். "நின்னு நின்னு காலெல்லாம் நரம்பு சுருண்டு போச்சு. இவளாவது உக்காந்து வேலை பாக்கட்டும்னுதான் படிக்க வெச்சேன். திங்கக்கிழமைக்குள்ள போய்ச் சேரலைன்னா பேரை எடுத்துடுவாங்க. நீங்க சொன்னா கேப்பா."

அக்கா காலிலும் முழங்கால் வரை, நரம்பு சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான உறை இருக்கிறது. பாவாடை மறைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பிள்ளை?"

"ஒரு பையன்."

"என்ன பண்றான்?"

அக்கா கண்ணாடியைப் பார்க்காமல், பின்வாசல் பக்கம் சீப்பைக் காட்டினாள். "அங்கதான். மூணாவது வருஷம்." பிறகு, பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்கள் பேசும் குரலில் சொன்னாள்: "கத்திரியக் குடுத்துப் பாத்தேங்க. கை வரல. அழுதான். சரி, படிப்பாவது படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தான் வந்த காரியத்தை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் செகண்ட் இயர் காய்ந்த துண்டுகளோடு பின்கட்டிலிருந்து வந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். அடுத்து அம்மா முடியின் இடது பக்கத்தைப் பார்த்தாள். வாடிக்கையாளர் முன்னால் தப்பைச் சொல்லக்கூடாது என்பது கடைச் சட்டம்; துண்டுகளை அணைத்துக்கொண்டு நின்றாள்.

சட்டத்தைப் போட்டவளே அதை மீறினாள். "ஒரு பக்கம் தூக்கிடுச்சுங்க. தப்பு என்னுது. இதோட மத்ததையும் சமம் பண்ணணும்" என்றாள் அக்கா. "நான் பண்ணட்டுமா, இவ பண்ணட்டுமா?"

அந்த அம்மா கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள், பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "திங்கக்கிழமை இன்னும் வரல" என்றாள், யாரிடம் என்றில்லாமல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகள் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

அக்கா துண்டுகளை வாங்கிக்கொண்டு கத்திரியைக் கொடுத்தாள். மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து யாருமே உட்காராத கடைசி நாற்காலிக்குக் கீழே போய், ஒரு மயிர்கூட இல்லாத தரையை மெதுவாகக் கூட்ட ஆரம்பித்தாள்.