கடலுக்குக் கொண்டுபோன தண்ணீர்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா பரண் மேலிருந்து வெள்ளைக் கேனை இறக்குவாள். ஐந்து லிட்டர் கேன், முன்பு அதில் கடலை எண்ணெய் இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவி, வாசம் போய்விட்டதா என்று என்னை மோந்து பார்க்கச் சொல்லி, வெயிலில் கவிழ்த்து வைப்பாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கேன் கீழே வந்துவிட்டது என்றால் நாங்கள் கடலுக்குப் போகிறோம் என்று அர்த்தம்.

கோயமுத்தூர்க்காரப் பிள்ளைக்குக் கடல் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். என் பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், இங்கே சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தவர். தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்துக்குப் பம்ப் மாட்டிக் கொடுக்கப் பத்து நாள் வேலையாக அனுப்பினார்கள். உப்புக் காற்றில் பம்ப் துருப்பிடித்துக்கொண்டே இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டியதில் அவர் அங்கேயே தங்கிவிட்டார். பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டார். அவர்களுக்கு ஒரே மகள். என்னைவிட மூன்று வயது பெரியவள். அவளை அக்கா என்பேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

எல்லாம் பிடித்துப்போன ஊரில் பெரியப்பாவுக்குத் தண்ணீர் மட்டும் பிடிக்கவில்லை. அங்கே கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். லாரித் தண்ணீர் சப்பென்று இருக்கும். அதனால் எங்கள் ஊரிலிருந்து யார் போனாலும் சிறுவாணித் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தத் தண்ணீர்ப் பெருமை கொஞ்சம் அதிகம். குழாயில் வரும் முதல் குடத்தை வாசலுக்கு விட்டுவிட்டு, இரண்டாம் குடத்திலிருந்து கேனுக்குப் பிடித்து, மூடியின் மேல் துணி சுற்றிக் கட்டி, அம்மா என் கால்களுக்கு நடுவில் வைப்பாள். மதுரை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அம்மா மில்லில் ஷிப்டு முடித்த கையோடு கிளம்புவாள், வழியெல்லாம் தூங்குவாள். கேனுக்குக் காவல் நான்தான்.

போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா கைகால் கழுவிக்கொண்டு வருவார். ஒரு டம்ளர் ஊற்றச் சொல்லி, நின்றபடியே, கண்ணை மூடிக் குடிப்பார். குடித்து முடித்துவிட்டு, "நம்மூரு தண்ணி நம்மூரு தண்ணிதான் கண்ணு" என்பார். அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கறீங்களா" என்று அம்மாவைக் கேட்பார். மீதியைத் தனியாக மூடி வைத்து, தினம் ஒரு டம்ளராகப் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்வார்.

அம்மா மறுநாள் விடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். மில்லில் லீவு கிடையாது. ஒரு மாதம் கழித்து என்னைக் கூட்டிப்போக வரும்போதும் அப்படித்தான், சாயங்காலம் வந்து காலையில் திரும்புவாள். அத்தனை வருடங்கள் அந்த ஊருக்கு வந்தவள் கடற்கரைப் பக்கம் கால் வைத்ததே இல்லை. வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் கால் மணி நேரம்.

எங்கள் வீடு மில் சங்குக்கு எழுந்து, மில் சங்குக்குச் சாப்பிட்டு, மில் சங்குக்குப் படுக்கிற வீடு. பெரியப்பா வீட்டில் சங்கு இல்லை. எழுந்தபோது காலை, பசித்தபோது மத்தியானம். தலை வாரச் சொல்ல ஆளில்லை. செருப்பை முதல் நாள் எங்கே கழற்றிப் போட்டேனோ அது ஒரு மாதமும் அங்கேயே கிடக்கும். அக்காவும் நானும் உப்பு அம்பாரங்களைத் தாண்டி, கருவாடு காயும் இடத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்து, தண்ணீரில் போய் விழுவோம். அந்தக் கடலில் பெரிய அலை கிடையாது. முழங்கால் உயரத்துக்கு வந்து, சொன்ன பேச்சுக் கேட்கிற மாதிரித் திரும்பிப் போகும். பாவாடைக்குள் காற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டால் அது பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். அதன்மேல் மல்லாந்து படுத்தால் மிதக்கலாம். காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு மேலே வானம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு அதைவிடச் சுகமான இடம் உண்டா?

முதல் வருடம் ஓர் அலை திடீரென்று இடுப்பளவு வந்தபோது நான் பயந்து, "வராதீங்க, வராதீங்க!" என்று கத்திவிட்டேன். அக்கா மணலில் புரண்டு புரண்டு சிரித்தாள்.

"ஏட்டி, கடலுக்கும் 'ங்க' போடுதாட்டி! யம்மா, இங்க வந்து பாரு, இவ அலைக்கு மரியாத குடுக்கா!"

"நம்மூரு புள்ளைங்க அப்படித்தான். உன்னாட்டம் போடி வாடின்னு திரியச் சொல்றயா?" என்று கரையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எனக்காகச் சண்டைக்கு வந்தாள்.

அதற்கப்புறம் கடலில் இறங்குமுன் "கேளுட்டி, வரலாமான்னு கேளு" என்பாள் அக்கா. நானும் கேட்பேன். "வரலாமுங்களா?"

ஆறு கோடை இப்படிப் போயிற்று. ஏழாவது கோடையில்தான் அந்தத் தப்பு நடந்தது.

மதுரை பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுவர அம்மா போயிருந்தாள். நான் பையையும் கேனையும் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், தாகம். எதிரே டீக்கடை இருந்தது. தண்ணீர் கேட்கக் கூச்சம். நம் தண்ணீர்தானே, ஒரு வாய் குடித்தால் என்ன என்று துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். தூக்கிச் சாய்க்கும்போது கை நழுவியது. கேன் தரையில் உருண்டு, நான் நிமிர்த்துவதற்குள் பாதிக்குமேல் போய்விட்டது. ஊர்த் தண்ணீர் அந்தத் தரையில் ஓடி, யாரோ துப்பிய வெற்றிலைச் சாற்றோடு கலந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா வருவதற்குள் டீக்கடை ஓரத்துக் குழாயில் கேனைப் பிடித்து நிரப்பி, மூடியைத் துடைத்து, துணியை முன்போலவே கட்டிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா வழக்கம்போல நின்றபடி, கண்ணை மூடிக் குடித்தார். பாதி டம்ளரில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு மீதியையும் குடித்துவிட்டு, சொல்ல வேண்டியதை எப்போதும்போலச் சொன்னார். அந்தத் தண்ணீர் தீரும்வரை அவர் டம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் வீட்டுக்குள் எங்காவது ஒளிந்துகொண்டேன். கடலில் மிதக்கும்போதுகூட அந்தப் பாதி டம்ளர் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறப்பதற்குள் பெரியப்பாவிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வரும். "பாப்பாவை அனுப்பி வைக்கவும்" என்பது அதில் கடைசி வரி. அடுத்த வருடம் லெட்டர் வரவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், லெட்டர் வைக்கிற ஜன்னல் மாடத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. பரண் மேல் கேன் அப்படியே இருந்தது.

"பெரியப்பா லெட்டர் போடலீங்களாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன சோலியோ கண்ணு. விடு" என்றாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஒரு மனுஷர் வருடம் பூராவும் காத்திருக்கிற தண்ணீரில் பஸ் ஸ்டாண்டுக் குழாயைக் கலந்த பிள்ளையை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அதற்கடுத்த வருடமும் லெட்டர் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி நானும் மில்லுக்குப் போனேன். பெரியப்பா இறந்தபோது அம்மா மட்டும் போய்வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை. அந்த வீட்டில் அவரைப் படுக்க வைத்திருக்கும்போது போய் நிற்கத் தைரியம் இல்லை. அக்காவைக் கல்யாணங்களில் இரண்டு மூன்று முறை பார்த்தேன். கூட்டத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கடலுக்கு நான் அப்புறம் போகவே இல்லை.

மில் மூடினார்கள். இப்போது ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறேன். கல்யாணம் அமையவில்லை. அம்மா கடைசி நான்கு வருடம் படுக்கையில் இருந்தாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதே லைன் வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் கழிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது குரல் கட்டியிருப்பதுபோல் இருக்கும்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். மகனுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது, அவனை ரூமில் விட்டுவிட்டுத் திரும்புகிறாள், சிங்காநல்லூரில்தான் பஸ் ஏற வேண்டும், இரண்டு மணி நேரம் இருக்கிறது, வரட்டுமா என்றாள். வாங்க என்றேன். போனை வைத்த பிறகு, இத்தனை வருடத்துக்கு அப்புறம் இந்த இரண்டு மணி நேரத்திலாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எதற்காக என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள்? கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

அக்கா பருத்திருந்தாள். முடி பாதி வெளுத்திருந்தது. வாசலிலேயே நின்று, "ஏட்டி, அதே வீடு, அதே நீ. தண்ணி கொண்டா மொதல்ல" என்றாள்.

டம்ளரை வாங்கி நின்றபடியே கண்ணை மூடிக் குடித்தாள். அவள் அப்பா மாதிரியே. குடித்துவிட்டு, "நம்மூரு தண்ணி நம்மூரு தண்ணிதான்" என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரித்தாள்.

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "அக்கா, இது சிறுவாணி இல்லீங்க. எங்க பக்கம் இப்ப பில்லூர் தண்ணிதான் வருது."

"இருந்தா என்னட்டி?"

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டு, கேன், டீக்கடைக் குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீ ஒரு வருசம் கலந்தே. நான் வருசா வருசம் கலந்தேன்! மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு, லாரித் தண்ணிய ஊத்தி வச்சிருவேன். எங்கப்பா பன்னெண்டு நாளும் கண்ண மூடிக் குடிச்சாரே, அதுல பத்து நாளு லாரித் தண்ணிதான்."

"பெரியப்பாவுக்குத் தெரியாதுங்களா?"

"உப்புத் தூசியில அவருக்கு நாக்கு எப்பவோ செத்துப் போச்சுட்டி. அம்மா கொழம்புல உப்புப் போட மறந்தாக்கூடத் தெரியாது. நீ அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தியே, அதுக்காகக் குடிப்பாரு."

"அப்ப அடுத்த வருசம் ஏனுங்க்கா கூப்பிடலை?"

அக்காவின் சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

பெரியப்பா சொல்லச் சொல்ல அந்த லெட்டர்களை எழுதியது அக்காதானாம். அந்த வருடமும் எழுதிப் போட்டாள். பதில் வந்தது. அதையும் பெரியம்மாவுக்கு அவள்தான் படித்துக் காட்டினாள். அந்தத் தை மாதம்தான் நான் வயதுக்கு வந்திருந்தேன். அம்மா எழுதியிருந்தாளாம்: பாப்பா ஆளாகிவிட்டாள், இனிக் கடலில் இறங்கி ஆடுவதெல்லாம் நன்றாக இருக்காது. நீங்கள் கூப்பிட்டால் அவள் கேட்பாள், அவள் கேட்டு வேண்டாம் என்று சொல்ல என்னால் ஆகாது. அதனால் இனிமேல் கூப்பிடாதீர்கள்.

"அப்பா ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல" என்றாள் அக்கா. "சித்தி உங்கிட்ட சொல்லியிருப்பான்னுல்லா நெனச்சோம்."

நான் தட்டை எடுத்து வைத்தேன். சாப்பாடு போட்டேன். அந்தக் கடற்கரை வீட்டை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது என்றும், அவள் இப்போது கோவில்பட்டியில் இருக்கிறாள் என்றும், தானே கடலைப் பார்த்து ஆறு வருடம் இருக்கும் என்றும் சொன்னாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்ட்டி ஒரு வார்த்தை கேக்கல இத்தன வருசம்?" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். கோபப்படலாம் என்றால் ஆள் இல்லை. படுக்கையில் இருந்த கடைசி வருடத்தில் ஒரு நாள், துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, "அந்தக் கடல் எப்படி இருக்கும் கண்ணு?" என்று அம்மா கேட்டாள். ஏன் திடீரென்று கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. "தண்ணிதாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எதையோ சொல்லத்தான் ஆரம்பித்தாளோ என்று இப்போது நினைக்கிறேன். அவளும் என்னைப்போலத்தான். எதுவும் வாய்வரைதான் வரும்.

இந்தத் திங்கட்கிழமை கம்பெனியில் லீவுச் சீட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கை பழக்கத்தில் "அம்மாவுக்கு" என்று எழுதிவிட்டது. நான்கு வருடம் அதைத்தானே எழுதினேன். அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் சின்னப் பெண், பல்லடத்திலிருந்து வருகிறாள். சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னுங்க்கா, கடல் பாக்கன்னு போட்டிருக்கீங்க? டூருங்களா?"

"இல்ல கண்ணு. சும்மாதான்."

"யாரு கூடப் போறீங்க?"

"நான் மட்டுந்தான்."

அவள் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "மூணு நாளு போதுங்களா?" என்றாள்.

"போதும்" என்றேன். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருந்து கேனை இறக்கினேன். அங்கே குடிக்க யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.