சாயம் பூசிய முகத்துக்குத் திறந்த மடை

முகமூடி வீரர்களின் சித்திரக்கதை ஏன் இன்னும் விற்கிறது என்று யாராவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகச மோகம் என்பார்கள். வளராத மனசு என்பார்கள். தச்சநல்லூரில் என் வீட்டுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் வருகிறது. பிரிக்கும்போதெல்லாம் என் மனைவி, "பேரன் எடுக்கப்போற வயசுல பொம்மப் புஸ்தகம் கேக்குதோ?" என்பாள். அவள் சொன்னால் சிரித்துவிடுவேன். மேதாவிகள் சொன்னால் சிரிக்க முடிவதில்லை. அவர்களில் எவரும் ஓர் அலுவலக வாசலில் மனுவோடு நின்றிருக்கமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த வீரனின் முதல் கதையில் சண்டையே கிடையாது. துறைமுகத்தில் எடை போடும் தகப்பனை முதலாளியின் ஆட்கள் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மகன் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கட்டத்துக்குக் கட்டம் அதே பெஞ்சு, அதே மகன். எதிரே எழுதிக்கொண்டிருப்பவர் நிமிரவேமாட்டார். கடைசிப் பக்கத்தில்தான் அவன் கறுப்புத் துணியை எடுத்து முகத்தில் கட்டுகிறான். அடுத்த கட்டத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த அடிதடியெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அந்தப் பெஞ்சுதான் என்னை விடவில்லை. என்னோடு இந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்களில் லாரி ஓட்டுகிறவர் உண்டு, மேலப்பாளையத்துத் துணிக்கடை பாய் உண்டு. நிலத்தகராறோ பென்ஷன் இழுபறியோ இல்லாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

களக்காட்டில் என் அக்காவுக்கு உட்காரப் பெஞ்சுகூடக் கிடைக்கவில்லை. அத்தான் இறந்த பிறகு வாழைத்தோட்டம் அவள் ஒருத்தி பாடு. மேல் வயல்காரன் கால்வாய் மடையில் மணல் மூட்டைகளை அடுக்கி, தண்ணீர் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். குலை தள்ளுகிற நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் காய் பிடிக்காது. வருஷம் முழுக்க அவளுக்குச் சோறு போடுவது அந்த வாழை ஒன்றுதான். ஓர் ஆளை அனுப்பி மூட்டைகளை எடுக்கச் சொன்னால் காரியம் தீர்ந்தது. அதைச் சொல்ல வேண்டிய பாசன அலுவலகத்து அதிகாரியோ, "மனு குடுத்தாச்சுல்லா? வெளிய நில்லும்மா" என்பதோடு சரி. முகத்தைப் பார்த்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் இவருக்கு என்று எனக்கு வயிறு எரியும்.

அக்கா குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அந்தத் தசராவுக்குக் காளி வேடம் கட்டினாள். விரதமிருந்து, வேடத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடைசியில் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். வேடம் கட்டியவரை எங்கள் பக்கத்தில் ஆளாகப் பார்ப்பதில்லை, அம்மனாகவே பார்ப்பார்கள். சடைமுடி, கிரீடம், கோரைப்பல், முதுகில் மரக்கைகள், முகமெல்லாம் சாயம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கிரீடம் சரிந்தால் தாங்கிக்கொள்ள நான் கூடவே நடந்தேன். மேளம் முழங்க எங்கள் தசராக் குழு அந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது.

அதிகாரி பதறி எழுந்தார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அக்காவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயி, ஒரு வாக்குச் சொல்லணும்" என்றார்.

"எம் மவனே, கீழ வாழ காயுது. மேல மடைய அடைச்சு வச்சிருக்கான். போய்த் தொறந்து விடு."

"உத்தரவு தாயி."

அன்று சாயங்காலமே மூட்டைகள் போயின. வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது. அம்மன் அருள் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மனை நான் குறை சொல்லவில்லை. சாயம் பூசிய முகத்துக்கு முன்னால் தரையில் விழத் தெரிந்தவருக்கு, வெறும் முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் தெரியாதா? என் வீரன் மேலும் அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. துணியைக் கட்டிக்கொண்டு அவன் ஜெயித்துவிட்டான், சரி. கட்டாமல் ஜெயிக்க வேண்டியவர்களுக்கு அவன் என்ன வழி சொன்னான்? ஆயுசு முழுக்க எங்கள் அக்காமார் கிரீடம் வைத்துக்கொண்டா வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்க முடியும்?

தசரா முடிந்து அக்கா கையில் கட்டியிருந்த விரதக் காப்பை அவிழ்த்தாள். அந்த வாரமே மூட்டைகள் மடைக்குத் திரும்பி வந்தன. வாழை இலைகள் மறுபடியும் ஓரம் கருக ஆரம்பித்தன. சாதாரண நூல் சேலையில் அவள் அலுவலகத்துக்குப் போனாள், நானும் போனேன்.

"வெளிய நில்லும்மா" என்றார் அதிகாரி, கோப்பைப் பார்த்தபடி.

"அன்னைக்கு நீங்க விழுந்து கும்பிட்டது என் கால்லதான்" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார். "அது அம்பாளு. நீ யாரு?"

"வாழ வச்சிருக்கவ."

மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தண்ணி வாரது வரைக்கும் இங்கனதான் இருப்பேன். நல்லாப் பாத்து வச்சுக்கிடுங்க. இதான் என் மூஞ்சி."

அவர் பியூனைக் கூப்பிட மணியை அடித்தார். பியூன் வாசல்வரை வந்து, அக்காவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.