முதலாவதாக எதைப் போடுறது?

பத்து விரலில் இரண்டு விரலால் மட்டும் தட்டி, ஊர்ப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற தொழில் எனக்கு. செட்டிபாளையம் பிரதான வீதியில் ஒரு சின்னக் கொமினிகேஷன். போட்டோக்கொப்பி, லேமினேட்டிங், ரீலோட். வருசத்தில் முக்கால்வாசி ஈ ஓட்டுவேன். உயர்தரப் பெறுபேறு வந்து, விண்ணப்பம் இணையத்தில் திறந்துவிட்டால் போதும், பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பிள்ளையோடு நாலு சொந்தக்காரர் உள்ளே வருவார்கள். பிள்ளை வாய் திறக்காது. நாலு பேரும் திறப்பார்கள்.

நீங்களும் இப்படி ஒரு கடையில் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்து, திரையில் சுற்றுகிற அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்தானே? அப்ப உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் கூட. ஏச்சு வாங்கினவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த முறை சுகிர்தா என்ற பிள்ளையின் விண்ணப்பம் கடைசி நாள் வரைக்கும் அனுப்பாமல் என் கணினியில் கிடந்தது. அவள் ஆசைப்பட்ட படிப்பு ஒன்று, தகப்பன் ஆசைப்பட்டது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அதற்கு முதல் இரண்டு மூன்று கதை சொன்னால்தான் நான் ஏன் அன்றைக்கு அப்படித் துள்ளினேன் என்று விளங்கும்.

கட்டாரில் இறங்கிய ஆறு இலக்கம்

காத்தான்குடிக் கடைகளெல்லாம் நிரம்பி வழிந்த ஒரு நாள், அங்கேயிருந்து ஒரு உம்மாவும் மகனும் பஸ் ஏறி என்னிடம் வந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரி. மின்னஞ்சல் முகவரி கேட்டேன். மகன் தன் வாப்பாவின் முகவரியைச் சொன்னான். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் வாப்பாவின் மெயில்தானாம். நானும் யோசிக்காமல் அமத்திவிட்டேன். உறுதிப்படுத்துகிற ஆறு இலக்கம் பறந்துபோய்க் கட்டாரில் இறங்கியது. வாப்பா அங்கே கட்டட வேலையில், பன்னிரண்டாம் மாடியில். ஃபோன் கீழே, அவருடைய பையில். மேற்பார்வையாளரின் ஃபோனுக்கு எடுத்துத்தான் ஆளைப் பிடித்தோம்.

"வாப்பா, சுறுக்கா இறங்குங்க!" என்று மகன் கத்துகிறான். "மெல்லமா இறங்குங்க, மெல்லமா!" என்று உம்மா அதைவிடப் பெரிதாகக் கத்துகிறா. பத்து நிமிசம்தான் அந்த இலக்கத்துக்கு ஆயுசு. மனுசன் படி இறங்கி வருவதற்குள் அது செத்துப்போகும். இரண்டு தடவை இப்படி, செத்ததும் மனுசன் வேலைக்குத் திரும்ப மேலே ஏறிவிடுவார். மூன்றாம் தடவை அவர் கீழேயே நின்று, ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சொன்னார். வீடியோவில் பார்த்தால் முகமெல்லாம் சீமெந்து. அந்தப் பொடியனுக்கே ஒரு மெயில் திறந்து கொடுத்திருக்கலாம் என்ற புத்தி எனக்கு மறுநாள்தான் வந்தது. அவரை அலைக்கழித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மனுசன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"பரவாயில்ல தங்கச்சி, நான் இவ்வளவு காலமும் ஏறி இறங்கினது இவன் படிக்கத்தான், இண்டைக்குத்தான் அது என்ட கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

அனுபவம்: இல்லை

பல்கலைக்கழகம் மட்டும்தான் படிப்பா என்ன? தொழில்நுட்பக் கல்லூரிக்கும் நான்தான் தட்டுகிறேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்கிற பொடியன் ஒருவன் லீவு நாளில் வந்தான். சமையல் கற்கைநெறிக்குப் போட வேண்டுமாம். உயர்தரத்தில் இரண்டு தரம் விழுந்தவன். நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தான். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் "இல்லை எண்டு போடுங்க அக்கா" என்றான்.

"அப்ப இவ்வளவு காலமும் அங்க என்ன செய்தாய்?" என்று கேட்டேன். காலையில் நூற்றுக்கு மேல் முட்டை பொரிப்பானாம். பத்து விதமாக. மத்தியானம் மீன் வெட்டுவான், பின்னேரம் தர்ப்பூசணிப் பழத்தில் பூ செதுக்குவான். ஃபோனில் படமும் வைத்திருந்தான். கல்யாண வீட்டு மாலை தோற்றுப்போகும், அப்படி ஒரு வேலைப்பாடு! எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கேட்காமலே கட்டம் நிறைய எழுதித் தள்ளினேன். அவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அதுவும் அனுபவமா அக்கா, நான் அத வெறும் வேலையெண்டுதான் நெனச்சன்."

நான் செய்த பிழை

கடை திறந்த முதல் வருசம். வாவியில் மீன் பிடிக்கிற ஒருவரின் மகன் நிரோசன், கணிதப் பிரிவு. பொறியியல் படிக்க ஆசை. ஆனால் அவனுடைய புள்ளி எல்லையில் நின்றது. எனக்கோ புதுக் கடை, புதுக் கணினி, எல்லாம் தெரிந்த நினைப்பு. "கிடைக்கிறத மேல போடு தம்பி, ஆசையக் கீழ போடு" என்றேன். அவன் நம்பினான். லேசாகக் கிடைக்கிற ஒன்றை முதலாவதாகப் போட்டு, பொறியியலை நாலாவதாகப் போட்டோம்.

கைநூலில் அது தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். எந்த வரிக்கு உங்கள் புள்ளி காணுமோ, போதுமோ, அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதைத்தான் மேலே போட வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு நட்டமும் இல்லை, தானாகக் கீழே வரும். இவ்வளவுதான் விசயம். இதை விளங்காமல் நான் ஒரு பிள்ளையின் வழியை மாற்றிவிட்டேன். இப்போது அவன் நன்றாகத்தான் இருக்கிறான், என்னைக் கண்டால் சிரிப்பான். எனக்குத்தான் முகம் கொடுக்க வெட்கம். வெட்டுப்புள்ளி வெளியான அன்றைக்கு அவன் கடைக்கு வந்து, ஏசாமல், கத்தாமல், தாளில் பொறியியல் வரியில் விரலை வைத்துக்கொண்டு ஒன்று கேட்டான்.

"அக்கா, அதுக்கும் எனக்குக் காணும்தானே?"

கடைசி வரியில் ஒரு ஆசை

இனிச் சுகிர்தா. தகப்பன் தம்பிராசா அண்ணனுக்கு வாவிக்கு அங்கால, படுவான்கரையில் வேளாண்மை. மூத்தவளைக் கட்டிக் கொடுத்து, இருந்த வீட்டையும் அவளுக்கு எழுதியாயிற்று. சின்னவள் சுகிர்தாவுக்கு அதே வளவில் ஒரு வீட்டுக்கு அத்திவாரமும் போட்டாயிற்று. கணிதப் பிரிவில் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். நில அளவை படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சின்ன வயதில் அவர்களுடைய வயல் வட்டையில் இரண்டு வயல்காரருக்கு எல்லைச் சண்டை. அளக்க வந்த சேவயர் இவளிடம் கம்பைப் பிடிக்கச் சொன்னாராம். "ரெண்டு வருசமா முகம் பாக்காம இருந்தவங்கட சண்டைய அந்த மனுசன் ஒரு பின்னேரத்தில முடிச்சிட்டார் அக்கா" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் படிப்பு இருப்பது மலைப்பக்கம், பஸ் மாறி மாறிப் போகிற தூரத்தில்.

தம்பிராசா அண்ணனுக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி உலகம் இல்லை. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். "வீட்ட இஞ்ச கட்டிப்போட்டு, புள்ளைய எங்கயோ கொண்டு விடுறதா?" என்றார். அவளுக்குப் பொருந்துகிற வந்தாறுமூலைப் பாடமெல்லாம் மேலே வரிசையாகப் போடச் சொன்னார். போட்டேன். கடைசியில் பெரிய மனசு பண்ணினார்: "அடியில அவள்ட ஆசையையும் போடு தங்கச்சி. நான் மறிக்கல்ல." சொல்லிவிட்டு மகளைப் பார்த்து ஒரு சிரிப்பு.

 அவள் புள்ளிக்கு முதல் வரியே கிடைத்துவிடும், அடியில் போட்டது போடாததுக்குச் சரி. நிரோசனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அனுப்புகிற பொத்தானை அமத்தக் கை வரவில்லை. "நெட் சரியான ஸ்லோ அண்ணன், நாளைக்கு வாங்க" என்று ஒரு பொய் சொன்னேன். நாளைக்குத்தான் கடைசி நாள். தகப்பன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். சுகிர்தா என் மேசைக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாக்கு ஒண்டும் சொல்லாதீங்க அக்கா, அவர் எனக்குத் தந்திட்டன் எண்டு நெனச்சுச் சந்தோசமா இருக்கார்."

வாய்க்கால்

சொல்லாமல் இருக்கிற ஆளா நான்? மறுநாள் மத்தியானம் இருவரும் வந்து உட்கார்ந்ததும் உடைத்துவிட்டேன். "அண்ணன், நீங்க அடியில போட்டது புள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது." மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கா, நீ என்ட புள்ளைய ஏத்தி விடுறியா? வரிசையா வந்தா அடியில உள்ளதும் வரும்தானே? வாய்க்கால்ல தண்ணிய விட்டா மேல் வயலுக்குப் பாஞ்சு, மறுகா கீழ் வயலுக்கும் வருதுதானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அந்தப் பட்டியலை வயல் வாய்க்காலாகத்தான் பார்த்திருக்கிறார். ஏமாற்ற நினைக்கவில்லை, பாவம். மெய்யாகவே மகளுக்கும் ஒரு பங்கு வைத்த நினைப்பு. கைநூலை மூடி வைத்தேன்.

"உங்கட வயல் வாய்க்கால்ல எவடத்தில அண்ணன்?"

"கடைசில."

"மேல் வயல்காரன் தன்ட வயல் நிரம்பினதும் வாய்க்கால அடியோட மூடிப்போட்டுப் போனா?"

அவர் மூடிக்கிடந்த கைநூலைப் பார்த்தார். "இதுவும் அப்படித்தான். முதல் வயல் நிரம்பினா மூடிருவாங்க. கீழ ஒரு சொட்டு வராது" என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இது உனக்குத் தெரியுமா?" அவள் தலையாட்டினாள், அழுதுவிட்டாள். மனுசன் எழும்பி வெளியே போய், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். ஏன்டா வாயைத் திறந்தேன் என்று என்னை நானே ஏசினேன். போட்டோக்கொப்பிக்கு வந்த ஒருவரையும் விரட்டினேன்.

மூன்று மணி தாண்டி உள்ளே வந்தார். மகளிடம் ஒரே ஒரு கேள்வி: "தனிய இருந்திருவியா?" அவள் "ஓம் அப்பா" என்றாள். "காய்ச்சல் வந்தா?" "கோல் எடுப்பன்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுகா என் பக்கம் திரும்பினார்.

"மேல ஏத்து தங்கச்சி, கடைசி வயல்காரன்ட பாடு எனக்குத் தெரியும்."

அவர் கேட்ட முதல் கேள்வி

நில அளவை முதலாவது, வந்தாறுமூலை அதற்குக் கீழே. அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. தம்பிராசா அண்ணன் வீதியால் போகும்போதெல்லாம் கடைக்குள் எட்டி, "வந்திட்டா?" என்பார். "வந்தா நான் ஓடிவந்து சொல்ல மாட்டேனா?" என்று நானும் சீறுவேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். முதல் வரி கிடைக்காமல் இரண்டாம் வரி கிடைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு முதல் வரிதான் கிடைக்க வேண்டும் என்று நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

தெரிவு முடிவு வெளியான அன்றைக்கு இருவரும் வந்தார்கள். இலக்கத்தைத் தட்டினேன். அந்த வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு ஒரே வரி. நில அளவை. கிடைத்துவிட்டது! நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தியதில் பக்கத்துச் சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். சுகிர்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். தம்பிராசா அண்ணன் மட்டும் அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன சொல்லப்போகிறாரோ, மனசு மாறிவிட்டாரோ என்று எனக்குப் பதறியது. மத்தியான வெயில் தகரத்தில் கொதிக்கிறது, மின்விசிறிக் காற்றும் சுடுகிறது, மனுசனின் சேட்டு முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, மலையில சரியான குளிராமே, மட்டக்களப்பில ஸ்வெட்டர் விக்கிற கடை எங்க இருக்கு?"

விண்ணப்பத்தில் பிள்ளையின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, அதிபரின் முத்திரைக்கும் இடம் இருக்கிறது, பெற்ற மனசு சம்மதிப்பதற்கு மட்டும் ஒரு கட்டமும் கிடையாது, அதனால்தான் அந்த வேலை எங்களைப்போன்ற வாய் நிற்காத கொமினிகேஷன்காரரின் தலையில் விழுகிறது.